கடனும் வாக்கும் வழக்கும்: ‘ஹௌ ஐ மெட் யுவர் மதர்’ தொடரில் மார்ஷல் எரிக்சனின் தொழில்வாழ்வும் உறவுகளும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 2005 முதல் 2014 வரை ஒளிபரப்பான ‘ஹௌ ஐ மெட் யுவர் மதர்’ என்னும் சூழல்நகைத் தொடரில் வழக்கறிஞராக இடம்பெறும் மார்ஷல் எரிக்சன் என்ற பாத்திரத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. சுற்றுச்சூழலுக்காக வாதாட விரும்பிய ஒருவன் பெருநிறுவனத்துக்கும் வங்கிக்கும் ஊழியம் செய்து, பிற்பகுதியில் நீதிபதியாவது அப்பாத்திரத்தின் கதை. இதில் ஒவ்வொரு தொழில்திருப்பமும் மனைவி, தந்தை, நண்பன் என ஏதேனும் ஓர் உறவின் வழியாகவே நிகழ்கிறது. அவ்வாறு நிகழ்வதால் கல்விக்கடன், வங்கி நெருக்கடி ஆகிய சமூகக் காரணங்கள் தனிமனிதரின் குணக்குறைகளாகவோ குணச்சிறப்புகளாகவோ மாற்றிக் காட்டப்படுகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். அம்மாற்றத்தின் விலையைப் பெரிதும் செலுத்துவது லில்லி ஆல்ட்ரின் என்னும் மனைவிப் பாத்திரமே என்பதும் காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சூழல்நகைத் தொடர், வழக்கறிஞர் பாத்திரம், கல்விக்கடன், பிரிவு, நகை, தொலைக்காட்சித் திறனாய்வு

முன்னுரை

அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையில் வழக்கறிஞர் புதியவர் அல்லர். 1984 முதல் 1992 வரை என்பிசியில் வெளிவந்த ‘நைட் கோர்ட்’ தொடரில் அரசு வழக்கறிஞராக வரும் டான் ஃபீல்டிங் பேராசையும் பெண்ணாசையும் கொண்டவன். அப்பாத்திரத்தை ஏற்ற ஜான் லாரக்கெட் தொடர்ந்து நான்கு முறை எம்மி விருது பெற்றார். ‘அரெஸ்டட் டெவலப்மென்ட்’ தொடரின் பாரி சக்கர்கார்ன் தன் கட்சிக்காரரின் கோப்பையே படித்திராதவன். இவர்கள் இருவரும் வழக்கறிஞர்மீது அமெரிக்கப் பொதுமனம் கொண்டுள்ள நெடுநாள் ஏளனத்தின் வாரிசுகள். மறுபுறத்தில், ‘த காஸ்பி ஷோ’வின் கிளேர் ஹக்ஸ்டபிள், ‘வில் அண்ட் கிரே’ஸின் வில் ட்ரூமன் போன்றோருக்கு வழக்கறிஞர் தொழில் பெரும்பாலும் நல்ல வீட்டுக்கும் நல்ல உடைக்கும் விளக்கம் தரும் ஒரு குறிப்பாகவே நின்றுவிடுகிறது.

மார்ஷல் எரிக்சன் இவ்விரு மரபிலும் அடங்காதவன். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்து, அதன் நிலைக்களன்களாக எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடனையும் சுட்டுகிறது. டான் ஃபீல்டிங் தோற்றுவிக்கும் நகை எள்ளலின்பாற்படும். மார்ஷலால் தோன்றுவதோ இளமையும் பேதைமையும் பற்றியது. மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் கிளவுட் நகரிலிருந்து வந்த, உருவில் பெரிய, உள்ளத்தில் சிறுவனான இவன் ஏரிப்பூதங்களையும் பனிமனிதனையும் நம்புகிறான். எள்ளலுக்குரிய தொழிலில் பேதைமைக்குரிய மனிதனை அமர்த்தியதே தொடரின் அடிப்படைக் கற்பனை. அக்கற்பனை எதைக் காட்டுகிறது என்பதைவிட எதை மறைக்கிறது என்பதே ஆராயத்தக்கது.

ஜேசன் சீகல் நடித்த இப்பாத்திரத்துக்கும் அலிசன் ஹனிகன் நடித்த லில்லிக்கும் தொடரின் படைப்பாளிகளுள் ஒருவரான கிரெய்க் தாமஸும் அவர் மனைவியும் முன்மாதிரி. மற்றொரு படைப்பாளியான கார்ட்டர் பேஸ், கதைசொல்லியான டெட் மோஸ்பிக்கு முன்மாதிரி. நண்பர் ஒருவரின் இல்வாழ்வை மற்றொரு நண்பர் வெளியிலிருந்து பார்த்துச் சொல்லும் அமைப்பு இதனால் கதைக்குள்ளேயே பதிந்துவிடுகிறது. 2030இல் தன் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் டெட், மார்ஷலும் லில்லியும் தனித்திருந்து பேசியவற்றையும் சொல்கிறான். அவன் அறிந்திருக்க முடியாதவை பல. மார்ஷலின் தொழில்வாழ்வு நமக்குக் கிடைப்பது அன்புள்ள ஒரு சாட்சியின் செவிவழிச் செய்தியாகவே என்பதை மறவாமல் இதனைப் படிக்க வேண்டும்.

மதுவகத்தில் நடக்கும் வழக்கு

மொத்தம் 208 பகுதிகள் கொண்ட இத்தொடரில் மார்ஷல் நீதிமன்றத்தில் நிற்கும் காட்சிகள் மிகக் குறைவு. அவனது சட்ட அறிவு மேக்லாரன்ஸ் என்னும் மதுவகத்தின் வழக்கமான மேசையில்தான் பெரிதும் பயன்படுகிறது. நண்பர்களோடு சொற்போரிட்டு வென்றதும் ‘லாயர்ட்’ என்று முழங்குவது அவன் வழக்கம். தொழிலின் பெயரையே வினையாக்கி எதிரியின்மீது எறியும் சொல் அது. சட்டம் இங்கே வயிற்றுப்பாட்டுக்குரிய தொழிலாக இல்லாமல் விளையாட்டுக்குரிய மொழியாக இருக்கிறது. கொலம்பியா சட்டக் கல்லூரியில் பெரும்பொருள் செலவிட்டுக் கற்ற கல்வி, யார் சொன்னது சரி என்னும் தோழமைச் சண்டையில் மட்டும் தங்குதடையின்றி வெல்கிறது.

இரண்டாம் பருவத்தில், 2006 நவம்பரில் ஒளிபரப்பான ‘ஸ்லாப் பெட்’ என்னும் பகுதி இதற்குச் சிறந்த சான்று. தோழி ராபின் தன் இளமைக்காலத்தைப் பற்றி மறைக்கும் செய்தி யாது என்பது குறித்து மார்ஷலும் பார்னியும் பந்தயம் கட்டுகின்றனர். தோற்றவர் கன்னத்தில் அறை வாங்க வேண்டும். ராபின் சொன்ன திருமணக்கதை பொய்யென மார்ஷல் சட்டப் பதிவுகளைத் தேடிக் கண்டறிகிறான். ஆனால் பந்தயத்தின் நடுவராக அமர்த்தப்படுபவள் லில்லி. மழலையர் பள்ளி ஆசிரியையான அவளே விதிகளை விளக்குகிறாள், மீறலைக் கண்டிக்கிறாள், எப்போது வேண்டுமானாலும் கொடுக்கத்தக்க 5 அறைகள் என்னும் தண்டனைக்கு வழிசெய்கிறாள். இவ்வட்டத்தில் நீதிபதி லில்லியே. மார்ஷல் வழக்காடுபவன் மட்டும். தொடரின் முடிவில் நீதிபதி அங்கி யாருக்குக் கிடைக்கிறது என்பதை எண்ணும்போது இந்தச் சிறு காட்சி வேறு பொருள் தருகிறது.

மறைக்கப்பட்ட கடன்

மார்ஷலின் தொழில்விருப்பம் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லப்படுகிறது. என்ஆர்டிசி எனப்படும் இயற்கைவளப் பாதுகாப்பு அமைப்பில் சேர்ந்து சுற்றுச்சூழலுக்காக வாதாட வேண்டும். முதற்பருவத்திலேயே இவ்விருப்பம் சோதனைக்கு உள்ளாகிறது. திருமணச் செலவை எண்ணி, பார்னி பணிபுரியும் பெருநிறுவனத்தின் சட்டப்பிரிவில் பயிற்சியாளனாகச் சேர்கிறான். அங்குள்ள ஆண்களின் முரட்டுப் பேச்சையும் நடையையும் கற்றுக்கொள்கிறான். லில்லியின் மனத்தில் ஐயம் விழுவது இக்காலத்தில்தான்; சான் பிரான்சிஸ்கோவில் ஓவியப் பயிற்சிக்கான நல்கைக்கு அவள் மறைவாக விண்ணப்பிப்பதும் இதை ஒட்டியே. அவள் பிரிவுக்கும் அவன் தொழில்விலகலுக்கும் இடையிலுள்ள இத்தொடர்பைப் பார்வையாளர் பலர் கவனிப்பதில்லை. பிரிந்து சென்றவள்மீது வரும் சினம் கண்ணை மறைத்துவிடுகிறது.

இவ்வாய்வின் மையப்பொருள் மூன்றாம் பருவத்தில் வருகிறது. 2007 அக்டோபர் 29 அன்று ஒளிபரப்பான ‘ஐ’ம் நாட் தட் கை’ பகுதியில் மார்ஷலுக்கு இரு வழிகள் திறக்கின்றன. ஒன்று அவன் கனவுகண்ட என்ஆர்டிசி வேலை. மற்றொன்று ‘நிக்கல்சன், ஹெவிட் அண்ட் வெஸ்ட்’ என்னும் பெருநிறுவனத்தில், கேளிக்கைப் பூங்கா ஒன்றின் தரப்பில் வாதாடும் வேலை. லில்லி இரண்டாவதன் பக்கம் அவனை மெல்லத் தள்ளுகிறாள். காரணம், விலையுயர்ந்த உடைகளுக்கும் காலணிகளுக்கும் கடன் அட்டை வழியாக அவள் சேர்த்துவைத்த கடன். அதனை அவனிடம் சொல்லவில்லை. அடுத்த வாரப் பகுதியான ‘டோவிசெட்ரெப்லா’வில் வீடு வாங்கச் செல்லும்போது கடன் வழங்கும் அலுவலர் வாயிலாகவே மார்ஷல் உண்மையை அறிகிறான். வட்டி கூடுகிறது. கடனிலிருந்து அவனை விடுவிக்க எழுத்தளவில் மணமுறிவு செய்துகொள்ளலாம் என்று அவள் சொல்ல, அவன் மறுத்துக் கடனைத் தனதாகவும் ஏற்கிறான். வாங்கிய வீடோ கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் காற்று வீசும் திசையில் அமைந்தது. அதன் தளமும் சாய்ந்தது.

இக்காட்சிகளைக் காதலின் வெற்றியாகப் படிப்பது எளிது. தொடரும் அவ்வாறு படிக்கவே அழைக்கிறது. ஆனால் கதையில் ஒரு பொருள் மாற்றிவைக்கப்பட்டிருப்பதைக் காண வேண்டும். அமெரிக்காவில் சட்டக்கல்வி முடித்த இளைஞரைப் பொதுநல வழக்குப் பணியிலிருந்து பெருநிறுவனங்களை நோக்கித் தள்ளும் முதன்மைக் காரணம் கல்விக்கடன். அக்கடன் ஒருவரின் ஆடம்பரத்தால் வருவதன்று. கல்விக் கட்டணமும் கடன் அமைப்பும் சேர்ந்து உருவாக்குவது. அரசுக் கொள்கையால் தீர்க்கத்தக்கதும் கூட. மேற்சொன்ன பகுதி ஒளிபரப்பாவதற்கு ஒரு மாதம் முன்பு, 2007 செப்டம்பர் 27 அன்று, பொதுச்சேவைக் கல்விக்கடன் தள்ளுபடித் திட்டத்தை உள்ளடக்கிய சட்டம் கையெழுத்தாயிற்று. அரசிலோ இலாபநோக்கற்ற அமைப்பிலோ முழுநேரம் பணிபுரிந்து 120 தவணைகள் செலுத்தியவரின் எஞ்சிய கூட்டரசுக் கல்விக்கடன் தள்ளுபடியாகும் என்பது அதன் சாரம். என்ஆர்டிசி அத்தகைய இலாபநோக்கற்ற அமைப்பே. நடைமுறையில் அத்திட்டத்தின் பயனைப் பெறுவதில் பலர் பின்னர் அல்லலுற்றனர் என்பது வேறு கதை. மார்ஷலின் இக்கட்டு அக்காலச் சட்டமன்றத்தில் பேசப்பட்ட இக்கட்டு என்பதே இங்குக் கருதத்தக்கது.

தொடர் அதனைப் பேசவில்லை. கல்விக்கடன் இருக்க வேண்டிய இடத்தில் கடன் அட்டைக் கடன் வந்து அமர்கிறது. சட்டக் கல்லூரியின் கட்டணம் இருக்க வேண்டிய இடத்தில் மனைவியின் உடைப்பேழை வந்து அமர்கிறது. கடன் அட்டைக் கடனை எந்தத் தள்ளுபடித் திட்டமும் தீர்க்காது. ஆதலால் கணவனின் பெருந்தன்மை ஒன்றே தீர்வாக எஞ்சுகிறது. ஒரு நாட்டின் கல்விக் கொள்கை பற்றிய வினா, ஓர் இளம்பெண்ணின் அடக்கமின்மை பற்றிய வினாவாக இவ்வாறு சுருங்குகிறது. மழலையர் பள்ளி ஆசிரியையின் ஊதியத்தில் மன்ஹாட்டனில் வாழ்வது எவ்வாறு என்ற கேள்வியும் உடன் மறைகிறது. இது படைப்பாளிகளின் திட்டமிட்ட செயல் என்று கொள்ள வேண்டியதில்லை. இருபத்திரண்டு நிமிடங்களுக்குள் சிக்கலைத் தோற்றுவித்து, சிரிக்கவைத்து, கட்டித்தழுவி முடிக்க வேண்டிய வடிவம், குற்றவாளியை அறைக்குள்ளேயே தேடுகிறது. அறைக்குள் இருந்தவள் லில்லி.

கோலியாத்தின் ஊழியன்

2008 ஏப்ரலில் ஒளிபரப்பான ‘த செயின் ஆஃப் ஸ்கிரீமிங்’ பகுதியில் மேலதிகாரி ஆர்தர் ஹாப்ஸின் கூச்சலைத் தாங்காமல் மார்ஷல் வேலையை உதறுகிறான். வீட்டுக்கடனுக்குக் கையெழுத்திட்ட சில மாதங்களுக்குள் இது நேர்கிறது. வேலையில்லாத காலத்தில் நியூயார்க்கின் தலைசிறந்த பர்கரைத் தேடி நண்பர்களை அவன் அலைக்கழிக்கும் ‘த பெஸ்ட் பர்கர் இன் நியூயார்க்’ பகுதி இத்தொடரின் நல்ல பகுதிகளுள் ஒன்று. நகருக்கு வந்த புதிதில் உண்ட ஒரு பர்கருக்காகத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு, அவன் உண்மையில் தேடுவது நம்பிக்கையோடு இருந்த தன்னைத்தான். அந்த உணவகம் இருந்த இடத்தில் கோலியாத் நேஷனல் வங்கியின் கிளை நிற்கிறது. பகுதி முடிவதற்குள் அவ்வங்கியிலேயே அவனுக்கு வேலை கிடைக்கிறது. ஏற்பாடு செய்பவன் பார்னி.

இப்பகுதி ஒளிபரப்பான நாள் 2008 செப்டம்பர் 29. லேமன் பிரதர்ஸ் திவாலாகி இரு வாரங்கள் ஆகியிருந்தன. அன்றுதான் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை வங்கி மீட்புத் திட்டத்தை நிராகரித்தது. டௌ ஜோன்ஸ் குறியீடு 777 புள்ளிகள் சரிந்தது. முன்கூட்டியே எழுதிப் படமாக்கிய பகுதி நாட்செய்தியோடு இவ்வாறு மோதியது தற்செயல். ஆனால் அதன்பின் வந்த பருவங்களின் போக்கு தற்செயலன்று. கோலியாத் என்னும் விவிலிய அரக்கனின் பெயரை வங்கிக்கு இட்ட எழுத்தாளர்கள் அதன் தீமையை மறைக்கவில்லை. அதை நிரந்தரமான நகைப்பொருளாக்கினர். வங்கி என்ன செய்கிறது, பார்னியின் வேலை என்ன என்பன எவருக்கும் தெரியாது, கேட்டாலும் விடை வராது. ஆறாம் பருவத்தில் டெட் அவ்வங்கியின் தலைமையகத்தை வடிவமைக்கிறான். ஐந்து நண்பர்களில் மூவர் ஒரே வங்கியின் பணத்தில் வாழ்கின்றனர். ஊரே வங்கியை வெறுத்த ஆண்டுகளில் இது வியப்பான செய்தி. தொடர் அதனை வியந்ததாகத் தெரியவில்லை.

பார்னிக்கும் மார்ஷலுக்குமான உறவை இங்கு இணைத்துப் பார்க்கலாம். பார்னி அவனுக்கு வேலைத்தரகன். அவனது ஒழுக்கத்தைக் கேலிசெய்பவன். அறை வாங்கும் கடன்பட்டவன். மார்ஷல் கொடுக்கும் ஒவ்வோர் அறையும், தன்னை வங்கிக்குள் அழைத்துவந்தவனுக்குச் செலுத்தும் வட்டியாகவும் படிக்கத்தக்கது. 2014 ஜனவரியில் வந்த ‘அன்பாஸ்’ பகுதியில், மிகுந்த போதையில் உண்மை மட்டுமே பேசும் நிலையை அடைந்த பார்னி தன் வேலையைச் சொல்லிவிடுகிறான். சட்டமீறல் வந்தால் பழியை ஏற்பதற்காக எல்லாவற்றிலும் கையெழுத்திடுவதே அவன் வேலை. தன் முதற்காதலியைக் கவர்ந்து சென்ற மேலதிகாரியைப் பழிவாங்க, கூட்டரசுப் புலனாய்வாளருக்கு நெடுங்காலமாக உதவிவந்ததையும் அவன் வெளியிடுகிறான். வங்கியின் குற்றம் தண்டிக்கப்படுவது சட்டத்தால் அன்று, காதல் தோல்வியின் வன்மத்தால். அவ்வங்கியின் வழக்கறிஞனாகச் சில ஆண்டுகள் இருந்த மார்ஷலுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. நீதி என்னும் கருத்தைத் தன் முகவரியாகக் கொண்டவன், கண்ணெதிரே நடந்ததை அறியாமல் இருந்திருக்கிறான். நகைச்சுவை அவனை மன்னிக்கிறது. திறனாய்வும் உடனே மன்னித்துவிட வேண்டியதில்லை.

தந்தையின் சாவு

2011 ஜனவரி 3 அன்று ஒளிபரப்பான ‘பேட் நியூஸ்’ பகுதியைத் தனியே எடுத்துப் பேச வேண்டும். பிள்ளைப்பேறு தள்ளிப்போவதால் மருத்துவப் பரிசோதனைக்குச் செல்லும் மார்ஷலின் கதை அது. காட்சிகளின் பின்னணியில் 50 முதல் 1 வரை எண்கள் இறங்குவரிசையில் தோன்றுகின்றன. நூலின் அட்டையில், சீட்டில், பொருள்களின்மீது என அவை சிதறிக்கிடப்பதால் முதன்முறை பார்ப்பவர் கவனிப்பதில்லை. பரிசோதனை முடிவு நற்செய்தியாக அமைய, லில்லி வாடகைக் காரிலிருந்து இறங்கிவந்து மார்ஷலின் தந்தை மாரடைப்பால் இறந்ததைச் சொல்கிறாள். அச்செய்தி வசனத்தில் இன்னதென்று ஜேசன் சீகலுக்கு முன்னரே அறிவிக்கப்படவில்லை. அவர் எதிர்வினையின் நடுக்கம் திரையில் அப்படியே பதிந்திருக்கிறது. இத்தொடர் பார்வையாளர் முன்னிலையில் படமாக்கப்படவில்லை. தொகுத்த படத்தைப் பின்னர்த் திரையிட்டுச் சிரிப்பொலி பதிவுசெய்யப்பட்டது. இக்காட்சியில் அந்தச் சிரிப்பொலி முற்றிலும் நின்றுவிடுகிறது. நகையிலிருந்து அழுகைக்கு மாறும் மெய்ப்பாட்டை ஓசையின் இன்மையாலேயே உணர்த்திய இடம் இது. தொடர் முழுவதிலும் இதற்கு நிகரான நேர்மை வேறெங்கும் இல்லை.

தொழில்வாழ்வில் இச்சாவின் விளைவு பெரியது. தந்தை மார்வின் எரிக்சன் மகனிடம் பெருமை கொண்டவர். வங்கி வேலையைச் சொல்லிப் பெருமைப்பட மகனுக்கு இயலவில்லை. பசிபிக் பெருங்கடலில் சேரும் நெகிழிக் குப்பையைப் பற்றிக் கவலைகொண்டு, 2011 ஏப்ரலில் அவன் வங்கியை விட்டு என்ஆர்டிசியில் ஊதியமின்றிச் சேர்கிறான். லில்லி வெளியில் ஆதரவு காட்டுகிறாள். குழந்தைக்காக முயலும் காலத்தில் வருமானம் நின்றதை எண்ணி உள்ளே கொதிக்கிறாள். முதல் மறைப்பு அவளுடைய விண்ணப்பம், இரண்டாவது அவளுடைய கடன், மூன்றாவது அவளுடைய சினம். மறைப்பவள் எப்போதும் லில்லியாக இருப்பதைத் தொடர் ஒரு குணமாகக் கட்டமைக்கிறது. ஆயினும் மூன்றாவதில் அவள் மறைப்பது கணவனின் துயரத்துக்கு இடம் கொடுப்பதற்காக என்பதை அதே தொடரின் காட்சிகள் மெய்ப்பிக்கின்றன.

பின்னர்ச் சுற்றுச்சூழல் வழக்குகளை எடுக்கும் நிறுவனத்தில் மார்ஷல் சேர்கிறான். மார்ட்டின் ஷார்ட் நடித்த காரிசன் கூட்ஸ் என்னும் அதன் தலைவர், உலகைக் காப்பது இனி இயலாது என்று நம்பிக்கை இழந்தவர். எட்டாம் பருவத்தில் குரூபர் என்னும் மருந்து நிறுவனம் ஏரியை மாசுபடுத்திய வழக்கில் மார்ஷல் வெல்கிறான். ஆனால் நீதிபதி விதிக்கும் தண்டம் 25,000 டாலர் மட்டுமே. அந்நிறுவனத்துக்கு அது சில்லறைக் காசு. நீதிபதியாக வேண்டும் என்னும் முடிவை அவன் எடுப்பது இங்கேதான். இத்தொடரில் சட்டம் ஒரு அமைப்பாகக் காட்சிதரும் அரிய தருணம் இது. உறவு எதுவும் குறுக்கிடாமல், வழக்கின் முடிவே ஒருவனை வேறு வழிக்குத் திருப்புகிறது. எழுத்தாளர்கள் இத்தடத்தில் மேலும் செல்லவில்லை என்பது குறையே.

பிரிவு: சான் பிரான்சிஸ்கோவும் ரோமும்

அகத்திணை மரபில் பிரிந்து செல்பவன் தலைவன். ஓதலும் பகையும் தூதும் பொருளீட்டலும் அவனைப் பிரிக்கும். ஆற்றியிருப்பது தலைவியின் கடன். மார்ஷல்–லில்லி இணையில் இந்நிலை தலைகீழாகிறது. முதற்பருவ இறுதியில் லில்லி செல்வது ஓவியம் கற்க, அதாவது ஓதல் பற்றிய பிரிவு. மழையில் நனைந்து மோதிரத்தோடு படிக்கட்டில் அமர்ந்திருப்பவன் மார்ஷல். எட்டாம் பருவ இறுதியில் ‘கேப்டன்’ எனப்படும் செல்வந்தருக்கு ஓவிய ஆலோசகராக ஓராண்டு ரோமில் பணிபுரிய லில்லிக்கு வாய்ப்பு வருகிறது. இது பொருள் பற்றியது. கடற்பயணத்தில் மகளிரொடு செல்லும் வழக்கமின்மை பற்றிய தொல்காப்பிய நூற்பாவை உரையாசிரியர்கள் வேறுபட விளக்கினர். இங்கோ கடல் கடக்க வேண்டியவள் அவளே. உடன்செல்லலாமா என்று தயங்குபவன் கணவன். அமெரிக்கத் தொடர் ஒன்றைத் தமிழ் அக மரபின் விதிகளால் அளப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. பிரிவு யாருக்கு இயல்பாகக் கருதப்படுகிறது, யாருக்குக் குற்றமாகக் கருதப்படுகிறது என்னும் வினாவை எழுப்ப அவ்விதிகள் உதவுகின்றன. ஓதற்பிரிவு சென்ற தலைவனை மரபு குற்றவாளியாக்குவதில்லை. ஒரு கோடைக்காலம் ஓவியம் பயிலச் சென்ற லில்லியைத் தொடர் எட்டு ஆண்டுகள் கழித்தும் கூண்டில் ஏற்றுகிறது.

அக்கூண்டு ‘அன்பாஸ்’ பகுதியில் நேரடியாகவே வருகிறது. ரோமுக்குச் செல்ல ஒப்புக்கொண்டிருந்த மார்ஷல், நீதிபதிப் பதவி வந்ததும் லில்லியைக் கேளாமலே ஏற்றுக்கொள்கிறான். முதன்முறையாக மறைப்பவன் அவன். உண்மை வெளிப்பட்டபின் நடக்கும் வாக்குவாதத்தில் அவன் வழக்கறிஞனாகவே பேசுகிறான். பழைய சான்றை எடுத்துக் குறுக்கு விசாரணை செய்கிறான். சான் பிரான்சிஸ்கோவைக் குறிப்பிட்டு, ஓவியத்தில் அவள் முன்பு தோற்றதையும் சுட்டி, தானும் மகனும் அவளுக்குக் கிடைத்த ஆறுதல் பரிசா என்று வினவுகிறான். மதுவகத்தில் சிரிப்பை எழுப்பிய ‘லாயர்ட்’ இங்கே கொடுமையாக ஒலிக்கிறது. ஓர் உரையாடலில் வெல்லக் கற்றவன், வென்றபின் எதை இழந்தான் என்பதை லில்லி வெளியேறும் கதவு காட்டிவிடுகிறது. இத்தொடரின் எழுத்தில் மிகக் கூர்மையான காட்சிகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

மார்ஷல் இறுதியில் பதவியை விட்டுக்கொடுக்கிறான். லில்லி மீண்டும் கருவுற்றிருப்பது தெரியவருகிறது. குடும்பம் இத்தாலிக்குச் செல்ல முடிவாகிறது. மென்மையான ஆண்மைக்கு மார்ஷல் நல்ல முன்மாதிரி என்று பலர் கொள்வதற்கு இம்முடிவும் ஒரு காரணம். அக்கருத்தில் உண்மை உண்டு. அழத் தெரிந்த, மன்னிக்கத் தெரிந்த, மனைவியின் பணிக்காகத் தன் பணியைத் தள்ளிவைத்த கணவன் அக்கால நகைத்தொடர்களில் அரிது. ஆனால் விட்டுக்கொடுத்தலின் கணக்கு எவ்வாறு முடிக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அங்கி

ஒன்பதாம் பருவத்தின் 24 பகுதிகளில் 22 பகுதிகள் பார்னி–ராபின் திருமண வாரஇறுதி ஒன்றையே விவரிக்கின்றன. 2014 மார்ச் 31 அன்று ஒளிபரப்பான இரட்டைப் பகுதியான ‘லாஸ்ட் ஃபாரெவர்’ அதன் பின்னான பதினேழு ஆண்டுகளை ஓடிக் கடக்கிறது. இந்த ஓட்டத்தில் மார்ஷலுக்கு மூன்று நிறுத்தங்கள் உண்டு. மீண்டும் பெருநிறுவன வழக்கறிஞராகி வெறுப்புடன் காலம் கழிக்கிறான்; பிறகு குயின்ஸ் பகுதியில் நீதிபதியாகிறான், நண்பர்கள் அவனுக்கு ‘ஜட்ஜ் ஃபட்ஜ்’ என்று பெயரிடுகின்றனர்; 2020 அளவில் மாநில உச்ச நீதிமன்றத்தை நோக்கி நகர்கையில் அப்பெயர் ‘ஃபட்ஜ் சுப்ரீம்’ என வளர்கிறது.

இப்பெயரை அப்படியே மொழிபெயர்த்துப் புரிந்துகொள்வது பிழை. நியூயார்க் மாநிலத்தில் ‘சுப்ரீம் கோர்ட்’ என்பது வழக்கு முதலில் விசாரிக்கப்படும் மன்றம்; அம்மாநிலத்தின் உச்ச அமைப்பு ‘கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்’. சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் 14 ஆண்டுக் காலத்துக்குத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஆகவே மார்ஷல் வானளாவ உயர்ந்துவிடவில்லை. குரூபர் வழக்கில் சிறு தண்டம் விதித்தவர் அமர்ந்திருந்தது போன்ற இருக்கைக்கே வருகிறான். அவ்வழக்கை நினைவிற்கொண்டு ஒரே ஒரு தீர்ப்பையேனும் அவன் எழுதுவதைக் காட்டியிருந்தால், ஒன்பது ஆண்டுகள் நீண்ட தொழில்கதைக்கு ஒரு பொருள் கிடைத்திருக்கும். கிடைத்தது ஒரு செல்லப்பெயர். என்ஆர்டிசியும் கடல்குப்பையும் அதில் இல்லை. வாழ்வைத் திருப்பிப்போட்ட வீட்டுக்கடனும் லில்லியின் கடனும் எப்போது, எவ்வாறு அடைபட்டன என்பதும் இல்லை.

லில்லிக்கு அத்தகைய நிறுத்தம் ஒன்றுகூட இல்லை. இறுதிப் பகுதியில் அவள் மூன்றாம் முறை கருவுற்றிருக்கிறாள், நண்பர்கள் பிரிவதை எண்ணி அழுகிறாள், கணவனின் பதவியைக் கொண்டாடுகிறாள். எந்தப் பணிக்காக ஒரு நீதிபதிப் பதவி விட்டுக்கொடுக்கப்பட்டதோ, எதற்காக ஒரு பருவம் முழுவதும் இருவரும் பூசலிட்டனரோ, அந்த ரோம் ஆண்டு கதையில் தாவிக் கடக்கப்படுகிறது. மார்ஷல் விட்டுக்கொடுத்த பதவி சில ஆண்டுகளில் அவனுக்கே திரும்பி வந்தது. ரோமிலிருந்து திரும்பிய லில்லி மீண்டும் மழலையர் பள்ளிக்குச் சென்றாளா, ஓவியத் துறையில் நின்றாளா என்பதற்கு ஒரு வரி வசனமும் ஒதுக்கப்படவில்லை. அங்கு அவள் தேர்ந்தெடுத்த ஓவியம் எதுவும் திரையில் இல்லை.